கோட்டுக்கு வெளியே இருந்த பெயர்

நேற்று சிநேகிதன் ஒருவன் தன் கலியாணக் கார்டை நீட்டினான். மற்றவர்கள் பெண்ணின் பெயரைப் பார்த்தார்கள். நான் மோந்து பார்த்தேன். புதிதாக வெட்டிய தாளின் வாசம், உங்களுக்குத் தெரியாது, ஆளை எங்கோ கொண்டு போய்விடும்.

என்னைக் கொண்டுபோனது கொட்டாஞ்சேனை அச்சகத்துக்கு. ஓ.எல். சோதனையில் கணக்குப் பாடத்தில் மூன்று தரம் குண்டடித்து பெயிலான பிறகு அங்கே தாள் வெட்டும் மெசினில் நின்றேன். கணக்கு வராதவனிடம் அளந்து வெட்டும் வேலை. முதலாளியின் துணிச்சலைப் பாருங்கள். எனக்குத் தெரிந்தது ஒரே சட்டம்தான்: தாளின் மூலைகளில் கறுப்புக் கோடு இருந்தால் அதற்கு வெளியே உள்ளதெல்லாம் குப்பை.

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அன்ரி பழைய போஸ்டர் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தா, ஒரு கொப்பி எடுக்க. ஐம்பதுகளில் அவவின் அப்பா ஒரு தேயிலைக் கம்பனிக்குக் கல்லில் கீறிய படமாம், நிறத்துக்கு ஒரு கல்லாக அச்சடித்தது. கொழுந்து பறிக்கும் பெண், பின்னால் மலை. பச்சை, சிவப்பு, கறுப்பு மட்டும். பெண்ணின் முகத்தில் நிறமே இல்லை, வெறும் தாள்.

“மை முடிஞ்சு போச்சோ அன்ரி?”

“நாலாவது நிறத்துக்கு நாலாவது கல்லு வேணும், தம்பி. தாளின்ட நிறம் சும்மா கிடைச்சது.”

அவ போனதும் பார்த்தேன்: ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது, மூலைகளில் கோடு. உதவி செய்கிற எண்ணத்தில் வெட்டினேன். வெட்டு சரிந்துவிட்டது, நேராக்க இன்னொரு தரம் வெட்டினேன்.

அடுத்த நாள் அன்ரி தாளை விரித்துக் கீழ் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. ஏசவில்லை. கீறியவரின் பெயர் போடக் கம்பனி விடாதாம். அதனால் அப்பா கோட்டுக்கு வெளியே, வெட்டுப்படும் இடத்தில், பொடி எழுத்தில் தன் பெயரைக் கல்லில் எழுதிவிட்டாராம். கடைகளுக்குப் போனதெல்லாம் வெட்டுப்பட்டவை. முதலில் அடித்துப் பார்த்த இந்த ஒரு தாள்தான் தப்பியிருந்தது, என்னைச் சந்திக்கும்வரை.

வெட்டுத் துண்டுகளைக் காலையிலேயே பழைய பேப்பர்காரன் சாக்கோடு கொண்டுபோயிருந்தான்.

“வெட்ட முதல் நீயாவது அந்தப் பேரை வாசிச்சனியோ?”

எறும்பு வரிசை மாதிரி ஏதோ இருந்தது ஞாபகம். அழுக்கென்று நினைத்திருந்தேன்.

“ஓம் அன்ரி, வாசிச்சனான்.”

“அப்ப காணும், அது போதும். எங்கட வீட்டாக்களைத் தவிர அதை வாசிச்சது நீ ஒருத்தன்தான்.”

அச்சகம் இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். அன்ரி மகனோடு வெளிநாடு போய்விட்டா. அதற்கு முன் எத்தனையோ தரம் அவவை வெள்ளவத்தைச் சந்தையில் கண்டேன், அப்பாவின் பெயர் என்னவென்று கேட்கவில்லை. வாசித்ததாகச் சொன்னவன் எப்படிக் கேட்பது?