ஒரு பாட்டை முழுசா முடிக்க

மைக் செட்காரனை ஊர் நினைப்பது சத்தம் வராதபோது மட்டும்தான். ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் அப்படி ஒருவன் பந்தலில் இருப்பதே யாருக்கும் தெரியாது. கல்யாணப் பந்தியில் ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, சாம்பார் கேட்டு ரசம் வாங்கிச் சாப்பிட்டவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், நாம் ஒரே ஜாதி. நீங்கள் பாக்ஸுக்கு முன்னால் அவஸ்தைப்பட்டீர்கள், நான் பின்னால்.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், எனக்கும் என் மச்சான் ஆரோக்கியத்துக்கும் கூட்டாக ஒரு சவுண்ட் சர்வீஸ். கோயில் திருவிழா, மாதா கோயில் தேர், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போவோம். இவை போதாதென்று 2004-ல் ஹெவி மெட்டலும் வந்து சேர்ந்தது.

கரகரப்பு

சிதம்பரத்தில் ஒரு கல்லூரி ஆண்டு விழா. பரதநாட்டியம் முடிந்தது, மிமிக்ரி முடிந்தது, மூன்று பையன்கள் மேடை ஏறினார்கள். கிடார் வைத்திருந்தவன் மிசோரமிலிருந்து அக்ரி படிக்க வந்தவன். முழுப் பேர் என் வாயில் நுழையவில்லை. ஹாஸ்டலில் தங்கா என்பார்கள். டிரம்ஸில் சபேசன், சிதம்பரம் கீழ வீதிப் பையன். பேஸ் கிடாரில் ஜான்சன், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைத் தொழிலாளி மகன்.

தங்கா காலடியில் கிடாரோடு இணைத்திருந்த சின்ன டப்பாவை மிதித்தான். என் பாக்ஸிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். எங்கள் தொழிலில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான்: ஒயர் போச்சு, இல்லையென்றால் ஸ்பீக்கர் காயில் போச்சு. பாய்ந்து போய் ஒயரைப் பிடுங்கினேன். ஜாக்கைத் துடைத்து, வாயால் ஊதி, திரும்பச் சொருகினேன். மறுபடியும் அதே கரகர. இனிமேல் விட்டால் பாக்ஸ் புகைந்துவிடும் என்று மறுபடியும் பிடுங்கிவிட்டு, விழாவைத் தொகுத்து வழங்கிய பெண்ணிடம் மைக்கைக் கொடுத்தேன். அவள் ‘சிறு தடங்கல்’ என்று அறிவித்து அடுத்த நிகழ்ச்சியைக் கூப்பிட்டுவிட்டாள். எனக்குப் பெரிய ஆபத்தைத் தடுத்த திருப்தி. தங்கா கிடாரோடு கீழே இறங்கி வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தேன். அவன் ஹாஸ்டலில் பழகிய தமிழில் பொறுமையாகச் சொன்னான்: “அண்ணா, ஒயர்ல ஒண்ணும் ஆவல. அதுதான் பாட்டு.”

வேனில் நடந்த வகுப்பு

அந்தப் பசங்களுக்கு அதற்குப் பிறகு ஒரே லட்சியம். படிப்பு முடிவதற்குள் ஒரு பாட்டை, ஒரே ஒரு பாட்டை, ஜனங்கள் முன்னால் ஆரம்பித்து முடித்துவிட வேண்டும். சபேசன் வீட்டில் டிரம்ஸைத் திறக்க முடியாது. கோயிலைச் சுற்றி இருக்கிற வீடுகளில் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துச் சுவர் ஒன்றுதான். அதனால் டிரம்ஸ் எங்கள் கோடவுனுக்கு வந்தது, அவனும் பஸ் பிடித்து வந்து அங்கேயே பழகினான். எங்கே மேடை கிடைத்தாலும் செட் நான் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

நான் மறுபடியும் ஒயரைப் பிடுங்காமல் இருப்பதற்காகத் தங்கா ஒரு எம்பி3 சிடி எழுதிக் கொடுத்தான். இவுங்க இல்லன்னா மத்த யாருமே இல்ல, வரிசையா கேளுங்க என்றான். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே வேனில் அதுதான் ஓடியது. பேண்டுகளின் பேர் எங்களுக்கு நிற்கவில்லை. பாக்ஸை என்ன பாடு படுத்துகிறார்கள் என்று பார்த்து நாங்களே பேர் வைத்தோம். முதலில் மணி பேண்டு. இங்கிலாந்தில் இரும்புப் பட்டறை ஊரில் பிறந்தவர்கள். மழைச் சத்தம், மணிச் சத்தம், அப்புறம் ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுகிற மாதிரி மெதுவான, கனமான கிடார். எல்லாம் இங்கிருந்துதான் ஆரம்பம் என்பான் தங்கா. அடுத்து தோல் சட்டைக்காரர்கள். ரெண்டு கிடார் சேர்ந்து சண்டை போடாமல் பேசலாம் என்று காட்டியவர்கள். பிறகு குதிரை பேண்டு, பேஸ் கிடார் நாலு கால் பாய்ச்சலில் ஓடும். பிறகு மூன்றே பேர், முப்பது பேர் சத்தம். இவர்கள் வேகத்தைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் நாலு பேண்டு இதைவிட வேகமாக ஓடக் கற்றதாம்.

சும்மா சொல்லக்கூடாது, கேட்கக் கேட்க எனக்குப் பிடித்துப் போனது. கரகரப்பு என்றால் பழுது என்றே காலம் தள்ளியவனுக்கு, அதிலும் நல்ல கரகரப்பு, மட்டமான கரகரப்பு உண்டு என்று தெரிந்தது. ஆரோக்கியம் மட்டும் குறிஞ்சிப்பாடி திரும்புகிற இடத்தில் வேனை ஓரம் கட்டி, உண்மையான கவலையோடு கேட்டான்: “ஏன் மாமா, இவுங்க எல்லாம் யார் மேல இவ்ளோ கோவமா இருக்காங்க?”

மழையும் மணியும்

திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் என்றால் தெரியுமே, மலைப்படியில் இறங்குகிற ஜோடிக்கு ஏறுகிற ஜோடி வழி விட வேண்டும். கீழே ஒரு மண்டபத்தில் நம் செட். தாலி கட்டி முடிந்து நாதஸ்வரக்காரர்கள் சாப்பிடப் போனார்கள். அந்த இடைவெளியில் பெருமாள் பாட்டு போடுவது எங்கள் வழக்கம். எங்களிடம் இருக்கிற சிடி எல்லாம் கம்ப்யூட்டரில் எழுதியது, தங்கா கொடுத்தது உட்பட ஒன்றிலும் பேர் கிடையாது. ஆரோக்கியம் கைக்கு வந்ததைப் போட்டான்.

மழை பெய்தது. பாக்ஸில்தான். பெண்கள் ரெண்டு பேர் எழுந்து வெளியே காயப் போட்ட துணியைப் பார்க்கப் போனார்கள். அடுத்து மணி, நிதானமாக, ஒவ்வொன்றாக. சில பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு விஷயம் புரிந்து ஆம்ப்ளிஃபயரிடம் ஓடுவதற்குள் கிடார் இறங்கிவிட்டது. நான் அணைத்தேன். அன்றைக்கு மேடையில் அந்தப் பையன்கள் இல்லாமலே அவர்கள் பாட்டு பாதியில் நின்றது. பெண்ணின் அப்பா என்னிடம் வந்தார். நான் மன்னிப்பு கேட்கத் தயாராக நின்றேன். அவர் தோளில் துண்டைச் சரி பண்ணிக்கொண்டு சொன்னார்: “மணி நல்லா இருந்துச்சு தம்பி. அதோட விட்டிருக்கலாம்.”

தொண்டை கட்டிய தம்பி

மூன்றாம் வருஷம் மறுபடி கல்லூரி மேடை. இந்த முறை நான் தயார். தங்கா மிதித்ததும் கரகரப்பு வந்தது; நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், பெருமையாகக்கூட இருந்தது. சபேசன் ரெண்டு காலாலும் டிரம்ஸை உதைக்க, ஜான்சன் தலைமுடியைச் சுழற்ற, ஹாஸ்டல் பசங்கள் நாற்காலி மேல் ஏறினார்கள். பாட்டு பாதி தாண்டிவிட்டது. முடித்துவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் தங்கா அடி வயிற்றிலிருந்து உறுமுகிற இடம் வந்தது. விழாவுக்குப் பொறுப்பான பேராசிரியர் தங்கமான மனிதர். யார் மேலும் அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. பையன் கஷ்டப்படுகிறான் என்று நினைத்து ஒரு சோடாவை உடைத்துக்கொண்டு நேரே மேடைக்கு ஏறிவிட்டார். உறுமிக்கொண்டிருக்கிறவன் வாயில் சோடா பாட்டிலை வைத்தால் எப்படிப் பாடுவான்? பாட்டு நின்றது. அவன் குடித்து முடிக்கிறவரை முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு, அவர் மைக்கில் சொன்னார்: “தம்பிக்குத் தொண்டை கட்டியிருக்கு. பரவாயில்ல, வேற யாராவது வந்து பாடுங்களேன்.”

நெல்லிக்குப்பம் ரிசப்ஷன்

கடைசி வருஷம், ஜான்சன் அக்கா கல்யாண ரிசப்ஷன். பையனின் பேண்டுக்கு ஒரே ஒரு பாட்டு என்று வீட்டில் சம்மதித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசை. மாப்பிள்ளையின் தாய்மாமா ஆலையில் போர்மேன். மெஷின் சத்தத்தில் வேலை செய்தவர், இதெல்லாம் அவருக்கு ஒன்றுமில்லை என்று ஜான்சன் எனக்குத் தைரியம் சொன்னான். பாட்டு ஆரம்பித்தது. தாய்மாமா அசையவில்லை. குழந்தைகள் ஆடினார்கள். சபேசனின் அம்மாகூட சிதம்பரத்திலிருந்து வந்திருந்தார். மகன் டிரம்ஸ் வாசிப்பதை அன்றுதான் முதல் தடவை பார்க்கிறார், கண்ணை எடுக்கவில்லை.

2008-ல் நம்ம ஊர் கரண்டு எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போய்விட்டது. மண்டபத்து ஜெனரேட்டர் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான். சபேசன் நின்ற பாட்டுக்குத் தனியாக நாலு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, குச்சியை மடியில் வைத்துக்கொண்டான். அவன் அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மூன்று முகங்களையும் பார்க்கப் பொறுக்கவில்லை. படிப்பு முடிகிறது, இனி எந்த மேடை? தாய்மாமா மட்டும் மெதுவாக எழுந்து, கையிலிருந்த ஜூஸை முடித்துவிட்டுச் சொன்னார்: “நாமளாவது பொறுத்துக்கினோம், கவர்மெண்டுக்கே பொறுக்கல.”

சாகை வார்த்தல்

பரீட்சை முடிந்து பையன்கள் அவரவர் ஊருக்குப் போனார்கள். ஆடி மாதம் சர்டிபிகேட் வாங்க வந்த தங்கா, சபேசனையும் ஜான்சனையும் கூட்டிக்கொண்டு கோடவுனுக்கு வந்தான். டிரம்ஸை விற்றுவிடப் போவதாகச் சொன்னார்கள். சிதம்பரத்தில் ஒரு ஆள் கேட்டிருக்கிறானாம். எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு தெருவில் மாரியம்மனுக்குச் சாகை வார்த்தல், அதாவது கூழ் ஊற்றுகிற விழா, நம் செட்டுதான். முடித்துவிட்டு அப்படியே சிதம்பரத்தில் இறக்கிவிடுகிறேன் என்று டிரம்ஸ், கிடார், பையன்கள் எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டேன்.

கூழ் அண்டாக்கள் வந்துவிட்டன. கரகம் குளத்திலிருந்து புறப்பட்டுவிட்டது. பம்பைக்காரர்கள் வரவில்லை. ஆடி ஞாயிறு அல்லவா, ஒரே செட் ரெண்டு ஊரிலும் அட்வான்ஸுக்குக் கைநீட்டிவிட்டது. முதல் ஊரில் இன்னும் யார் மேலும் சாமி இறங்கவில்லையாம். பம்பை இல்லாமல் அம்மனை எப்படி அழைப்பது? பூசாரி வெயிலில் நின்று கையைப் பிசைந்தார். அவர் கண் என் வேனுக்குள் போனது. அது என்னா மோளம் என்று கேட்டார். சொன்னேன். சத்தம் வருமா என்று கேட்டார். ஆரோக்கியம் முந்திக்கொண்டு, அது ஒண்ணுதான் வரும் என்றான்.

தெருவிழா என்பதால் ஜெனரேட்டரும் நாங்களே கொண்டுபோயிருந்தோம், அதனால் கரண்டு பயம் இல்லை. சபேசன் ஆரம்பித்தான், அந்த ரெட்டைக் கால் உதை. தங்கா டப்பாவை மிதித்தான். தையல்காரர் வீட்டு அம்மா ஒருத்தர் கூட்டத்தில் நின்றிருந்தார். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் முடி அவிழ்ந்தது. சாமி வந்துவிட்டது. வேப்பிலையோடு அவர் ஆட, தெருவே கும்பிட்டது. பாட்டு முடிகிற இடத்தில் சபேசன் என்னைப் பார்த்தான். பூசாரி விடவில்லை, சாமி மலையேறுகிறவரை மோளம் நிற்கக் கூடாது. எனவே எதையும் முடிக்காமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தெரிந்த அத்தனையும் வாசித்தார்கள். தோல் சட்டை, குதிரை, மூன்று பேர், கடைசியில் அமெரிக்க வேகம். அம்மா குறி சொல்லி முடித்ததும் பூசாரி கையைத் தாழ்த்தி, மெதுவா, மெதுவா என்று சைகை காட்டினார். தங்காவுக்குப் புரிந்தது. வந்த வழியிலேயே திரும்பினார்கள், ஒவ்வொரு பேண்டாக வேகம் குறைந்து, கடைசியில் மணி பேண்டின் அந்தக் கனமான நடைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த நடையில் அம்மாவின் ஆட்டம் அடங்கியது. பூசாரி அவர் நெற்றியில் விபூதி வைத்தார். சாமி மலையேறியது.

உடனே தங்கா கையை எடுத்துவிட்டான். பாட்டு பாதியில்தான் இருந்தது. நாலு வருஷமாக யாராவது வந்து நிறுத்தியே பழக்கம், இந்த முறை யாரும் வருவதற்கு முன்பே அவனே நிறுத்திக்கொண்டான். கூழ் வாங்க நகர்ந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. பூசாரி கற்பூரத் தட்டோடு அவர்கள் பக்கம் வந்து, கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னார்: “ஏம்பா, ஏன் நிறுத்திட்டீங்க? எடுத்த பாட்ட முழுசா முடிங்க. பாதியில வுட்டா ஊருக்கு ஆவாது.”

முடித்தார்கள். கடைசித் தட்டு விழுந்தபோது தங்கா அழுதுகொண்டிருந்தான். எனக்கும் கண் கலங்கியது, பாக்ஸுக்குப் பின்னால் நின்றதால் யாரும் பார்க்கவில்லை. மூவருக்கும் கூழும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தார்கள். டிரம்ஸைச் சிதம்பரத்தில் இறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

இத்தனை வருஷத் தொழிலில் சத்தத்தைக் குறை என்று என்னிடம் சொல்லாத ஒரே கஸ்டமர் அந்த மாரியம்மன்தான்.