புதன்கிழமை கடைசி இரண்டு பீரியட்

கெமிஸ்ட்ரி டீச்சருக்குக் கோபமே வராது என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் நம்பினார்கள். முகம் அப்படி. வைஸ் பிரின்சிபாலைப் பார்த்து "குட் மார்னிங் சார்" சொல்லும்போது அந்தக் குரலில் தேன் வடியும். உள்ளே அமிலம் கொதிப்பது அவளுக்கும் அவள் கணவனுக்கும் மட்டுமே தெரியும்.

காரணம் புதன்கிழமை. சாயக் கழிவுநீரிலிருந்து நிறத்தைப் பிரித்தெடுப்பது பற்றி அவள் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். முடித்த கையோடு கல்லூரி வேலைக்குத் தாவிவிட வேண்டும் என்பது திட்டம். பல்கலைக்கழகத்தில் அவளுடைய கைடு பகுதிநேர மாணவர்களைப் பார்ப்பது புதன் மாலை மட்டும். ஐந்தடித்தால் அறையைப் பூட்டிவிடுவார். பள்ளியில் டைம்டேபிள் போடுகிற வைஸ் பிரின்சிபாலோ, வருடா வருடம் புதன் கடைசி இரண்டு பீரியடை அவள் தலையில் கட்டினார்.

முதல் வருடம் அவர் அறை வாசலில் நின்று கெஞ்சினாள்.

"நானா போடுறேன்? அதுவா அமையுதும்மா" என்றார், பேனா மூடியால் காதைக் குடைந்தபடி. "ஒண்ணு வேலை பாருங்க, இல்ல படிங்க. ரெண்டு குதிரையில சவாரி எதுக்கு?"

அந்த 'அதுவா அமையுது' அவள் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டது. பாத்திரம் துலக்கும்போதும் விடைத்தாள் திருத்தும்போதும் அதையே முணுமுணுத்தாள்.

"உன் ஆராய்ச்சி சாயத்தைப் பத்தியா, அந்த ஆளைப் பத்தியா?" என்று கேட்டான் கணவன்.

"ரெண்டுலயும் கறை எடுக்கணும்" என்றாள்.

மூன்று வருடம் இப்படியே போயிற்று. விடுமுறைகளில் மட்டும் கைடைப் பார்த்தாள். ஆராய்ச்சி ஆமையாக ஊர்ந்தது. அந்தக் கோடை விடுமுறையில் வைஸ் பிரின்சிபாலுக்கு முழங்காலில் ஆபரேஷன். பள்ளி திறக்குமுன் நடந்த கூட்டத்தில், "டைம்டேபிளை யார் எடுத்துக்கிறீங்க?" என்று பிரின்சிபால் மேடம் கேட்டதும் எல்லோரும் தரையில் எதையோ தேட ஆரம்பித்தார்கள். யார் கேட்டு வாங்குவார்கள் அந்தத் தலைவலியை. கெமிஸ்ட்ரி டீச்சர் கை தூக்கினாள்.

இரண்டு வாரம் வேலை சமையல் மேசையில் நடந்தது. முதலில் தன் புதன் மதியத்தைக் காலி செய்தாள். அதற்காக மற்ற எல்லோருடைய புதனையும் நிரப்பினாள். பிறகு, கணக்குப் பாடம் எடுக்கும் வைஸ் பிரின்சிபாலுக்குப் புதன் கடைசி இரண்டு பீரியட், ஒன்பதாம் வகுப்பு 'டி' பிரிவு, மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. எழுதி முடித்ததும் நெடுநாள் பசி தீர்ந்த மாதிரி வயிறு குளிர்ந்தது.

அவர் நொண்டிக்கொண்டே வந்தார். "புதன் மட்டும் கொஞ்சம் மாத்திக் குடுங்கம்மா. அன்னிக்கு சாயங்காலம்தான் எனக்கு பிசியோதெரபி."

"நானா போட்டேன் சார்? அதுவா அமைஞ்சிருச்சு."

அவர் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். கைப்பிடியைப் பற்றிப் பற்றி அவர் படியேறுவதைக் கீழேயிருந்து பார்த்தபோது இரக்கம் வருகிறதா என்று காத்திருந்தாள். வரவில்லை.

ஆனால் மனிதர் பழம் தின்று கொட்டை போட்டவர். அடுத்த புதன் மதியத்துக்கு அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தார். டாக்டர் சீட்டும் இணைத்திருந்தார். லீவு போட்டவரின் வகுப்புக்கு மாற்று ஆள் பிடிப்பது டைம்டேபிள் போடுபவரின் பொறுப்பு. ஆள் தேடியபோதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த நேரத்தில் பள்ளியிலேயே காலியாக இருக்கும் ஒரே ஆசிரியர் அவள்தான். அவளே பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாடு.

ஒன்பதாம் 'டி'யில் போய் நின்றாள். அடுத்த புதனும் அதே லீவு, அவளே நின்றாள். அதற்கடுத்த புதனும். "மிஸ், நீங்க இப்ப கணக்கு மிஸ்ஸா?" என்றாள் முதல் பெஞ்சுக்காரி.

கைடு போன் செய்தார். "வர்ற புதன்தான் கடைசி. அரையாண்டு அறிக்கையில நான் கையெழுத்துப் போடலைன்னா உங்க பதிவு ரத்தாயிடும்."

அன்றிரவு கணவன் சொன்னான்: "அந்த மனுஷனை விட்டுத் தொலை. நீ பல்கலைக்கழகத்துக்குப் போ."

"விட்டுத் தொலைக்கிறதா?" டைம்டேபிளை மறுபடி மேசையில் விரித்தாள். வெகுநேரம் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கள் முதல் இரண்டு பீரியடில் விரல் நின்றது. அந்த நேரத்தில் வைஸ் பிரின்சிபால், மேடத்தின் அறையில் உட்கார்ந்து காபி குடிப்பார். யாருக்கு எந்த வகுப்பு, யாருக்குப் பதவி உயர்வு, எல்லாம் அந்தக் காபியில்தான் கலக்கும். ஒன்பதாம் 'டி'க்கு அப்போது விளையாட்டு. அதைப் புதன் கடைசிக்குத் தள்ளி, பி.டி. சாரிடம் இருக்கும் எட்டாம் வகுப்போடு சேர்த்து மைதானத்தில் விட்டாள். வைஸ் பிரின்சிபாலுடைய கணக்குப் பாடத்தைத் தூக்கித் திங்கள் காலையில் வைத்தாள்.

மறுநாள் அவர் கையைப் பிடிக்காத குறையாக நன்றி சொன்னார். "பெரிய மனசும்மா உங்களுக்கு."

"பரவாயில்ல சார். கால் முக்கியம்."

திங்கட்கிழமை முதல் மணி அடித்தபோது அவர் மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார். வகுப்பில்லாத அவள் வராந்தாவில் நின்றபோது பிரின்சிபால் அறைக் கதவு திறந்தது. "டீச்சர், ஃப்ரீயா? வாங்க, காபி சாப்பிடலாம். டைம்டேபிள் இப்ப உங்க கையிலதானே, சில விஷயம் பேசணும்." வைஸ் பிரின்சிபால் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். காபியில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

புதனன்று நாலு மணிக்கெல்லாம் கைடின் அறையில் இருந்தாள். அவர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இருக்கிற வேகத்துக்கு இன்னும் மூணு வருஷம் ஆகும். கல்லூரி வேலைக்கு அதுக்குள்ள வயசு வரம்பு தாண்டிடுமே?"

"கல்லூரி வேண்டாம் சார். அந்த ஸ்கூல்லயே இருக்கப் போறேன்."

"அப்ப எதுக்கு இந்த அவசரம்? மெதுவாவே பண்ணலாமே."

"மூணு வருஷத்துல ஒருத்தர் ரிட்டயர் ஆகிறார் சார். அவர் என்னை டாக்டர்னு கூப்பிட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்."

ஏதோ குடும்ப விஷயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்ட கைடு, "பெரியவங்க ஆசீர்வாதம் நல்லதுதான்" என்றபடி அடுத்த அத்தியாயத்தைக் கேட்டுக் கையை நீட்டினார்.