நடுவில் உயர்ந்த டிரெய்லர்

சூடான இரும்பில் ரெட் ஆக்சைடு பெயின்ட் கருகும் வாசனை எங்கே அடித்தாலும் என் கால் நின்றுவிடும். நான் வரைபடம் போட்ட முதல் டிரெய்லரின் வாசனை அது. அறுபதுகளின் தொடக்கம். லாரிக்கு மரப் பாடி மட்டுமே கட்டிவந்த எங்கள் சிவாஜிநகர் ஷெட், பாய்லர் சுமக்கும் தட்டை வண்டி கட்டத் துணிந்தது. நான் புது டிராஃப்ட்ஸ்மேன்.

டெலிவரி நாளன்று, வண்டி கேட்டிருந்த முனிரெட்டி ஆனேக்கல்லிலிருந்து வந்தார். கையோடு ஒரு நூல்கண்டு. பாரம் முழுவதையும் தாங்கும் நீளப் பீமின் அடியில், முனைக்கு முனை நூலை இழுத்துக் கட்டினார். நடுவில் நூலுக்கும் பீமுக்கும் இடையே அவருடைய இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது.

"ஏனப்பா, வண்டி கேட்டா ஒட்டகம் செஞ்சு வச்சிருக்கீங்க?"

முதலாளி சுந்தரராஜ் என் பக்கம் திரும்பினார். "எவன்யா இதைக் கோணலாக்குனது?"

"நான்தான் சார். வேணும்னேதான். இதுக்குப் பேரு கேம்பர். நேரா கட்டினா, பாய்லர் ஏறினதும் நடு தொங்கிடும். மேல வளைச்சுக் கட்டினா, பாரம் ஏறினதும் நேராயிடும்."

படத்தில் குறித்திருந்தேன். மேஸ்திரி அந்தோணியிடம் சொல்லியிருந்தேன். விற்பவரிடமும் வாங்குபவரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

"ஆகலேன்னா?" என்றார் ரெட்டி.

"ஆகலேன்னா இந்த வண்டி உங்களுக்கு வேணாம். இவன் எனக்கு வேணாம்" என்றார் முதலாளி.

ஷெட்டில் கிடந்த இரும்புத் தகடுகளை எல்லாம் செயின் பிளாக்கில் தூக்கி, வண்டியின் நடுவே அடுக்கினார் அந்தோணி. நடுவில் குவித்தால் பாய்லர் அளவு எடை தேவையில்லை. ஒவ்வொரு தகடுக்கும் பீம் முனகியது. அசைபோட்டபடி படுக்கும் எருமையைப் போல நிதானமாக இறங்கியது. இரண்டு விரல் ஒரு விரலாயிற்று. பிறகு ஒரு தீக்குச்சிக் கனம். அத்தோடு தகடு தீர்ந்துபோயிற்று.

"இன்னும் தொடலையே" என்றார் ரெட்டி.

"ஆளுங்க இருக்கோம்ல" என்று அந்தோணி தாவி ஏறினார். பின்னாலேயே வெல்டர்கள், பெயின்டர், பக்கத்து டயர் கடைக்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்த கறிக்கடை பாய். தோளோடு தோள் நெருக்கி நின்றார்கள். நான் மண்ணில் படுத்துப் பார்த்தேன். நூலுக்கு மேலே ஒரு கீற்று வெளிச்சம் மட்டும் மிச்சம்.

"ரெட்டி சார், உங்க ஒருத்தருக்குத்தான் இடம் வச்சிருக்கோம்!" மேலிருந்து அந்தோணி.

ரெட்டி நல்ல பருமன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். வெளிச்சம் அணைந்தது.

"தொட்டுடுச்சு!" என்று கத்தினேன். மேலே எழுந்த கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது.

கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது. பார்ப்பவர் கண்ணுக்கு அது தப்பாகத் தெரியும் இடம் ஒன்று இருக்கும். அதை அவர் கண்டுபிடிக்கும் முன் நாம் சொல்லிவிட வேண்டும். மண் ஒட்டிய சட்டையோடு கற்றது இது.

சாயங்காலம் சைக்கிளை எடுத்தேன். ஷெட்டைப் பூட்டிக்கொண்டிருந்த முதலாளி திரும்பாமலே சொன்னார்:

"ரெட்டி இன்னொண்ணு கேக்குறாரு. காலையில எட்டு மணிக்கே வந்துடு. எதையாவது வளைக்கிறதா இருந்தா, மொதல்ல என்கிட்ட சொல்லுய்யா."