ஒரு கமர்கட் கரையும் நேரம்

ஸ்டெல்லா இறந்துவிட்ட செய்தி எனக்குக் குறுஞ்செய்தியாகத்தான் வந்தது. அவருடைய கணவர் அற்புதராஜ் காலை ஆறேகால் மணிக்கு அனுப்பியிருந்தார். ஸ்டெல்லா தவறிவிட்டார், அடக்கம் மாலை நான்கு மணிக்கு ஆம்பூர் சர்ச்சில், வரும்போது அவருடைய ஆபீஸ் போட்டோ இருந்தால் எடுத்து வரவும். எல்லாம் ஒரே செய்தியில். படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. "ஒரு மெசேஜ்ல ஒரு விஷயம்தான் இருக்கணும் குமார், இது மூணு மெசேஜ்" என்று ஸ்டெல்லா சொல்வது காதில் கேட்டது. சிரித்துவிட்டேன். அப்புறம்தான் கட்டில் ஓரமாக உட்கார்ந்து அழுதேன். அவரைத் தெரிந்தவர்களுக்கு இது தப்பாகப் படாது.

எங்கள் அலுவலகம் வேலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து, "ஊரிலேயே சாஃப்ட்வேர் செய்து காட்டுகிறேன்" என்று வீறாப்பாக ஆரம்பித்த கம்பெனி. 2006-ல் போன் எடுக்கவும் கடிதம் அடிக்கவும் ஆள் தேடினேன். ஆம்பூரிலிருந்து ஸ்டெல்லா வந்தார். அவருக்கும் எனக்கும் ஒரே வயது. முன் அனுபவம் கேட்டேன்.

"ஷூ கம்பெனி சார். சாம்பிள் ரூம். பன்னெண்டு வருஷம்."

"அங்கே என்ன வேலை?"

"நடக்கிறதுதான் வேலை."

கிண்டல் செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. பெண்கள் ஷூவுக்கு முதல் மாதிரியை முப்பத்தேழாம் நம்பரில் செய்வார்களாம். ஸ்டெல்லாவின் கால் அச்சாக அந்த அளவு. தொண்ணூறுகளில் அந்தக் கம்பெனியில் எந்தப் புது டிசைன் வந்தாலும் முதலில் ஏறுவது அவர் காலில்தான். நடப்பார், படி ஏறுவார், குந்தி எழுந்திருப்பார். "ஷூ வாங்குற ஜெர்மனிக்காரனுக்கு என் மூஞ்சி தெரியாது, கால் நல்லா தெரியும்" என்பார். இரண்டாவது பிரசவத்துக்குப் பின் கால் முப்பத்தெட்டு ஆகிவிட்டது. "புள்ள வந்தான், வேல போச்சு" என்று சிரித்தார். வேலை போன கதையை இப்படிச் சிரித்துச் சொன்ன ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றே சேர்த்துக்கொண்டேன்.

அந்தச் சமயம் எங்கள் கையில் ஒரே ஒரு பெரிய வேலை இருந்தது. ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்காக, பெற்றோர்களின் செல்போனில் ஓடும் ஒரு புரோகிராம். வருகை, மதிப்பெண், பரீட்சை அட்டவணை, விடுமுறை என்று பதினோரு ஐட்டம். ஒவ்வொன்றுக்கும் கலரில் ஒரு குட்டிப் படம். அந்தப் படங்கள் மேல் எனக்குப் பெற்ற பாசம். ஆறு மாதமாகியும் பெற்றோரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். "அரையாண்டுக்குள்ள பேரன்ட்ஸ் இத யூஸ் பண்ணலன்னா, எடுத்துட்டுப் போய்டுங்க." எடுத்துக்கொண்டு போனால் கம்பெனியை மூட வேண்டும், நான் பெங்களூருக்கு அசடு வழியத் திரும்ப வேண்டும்.

பள்ளியில் கூட்டம் போட்டேன். பெரும்பாலும் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் அம்மாக்கள். "எப்படி இருக்கிறது?" என்று மேடையிலிருந்து கேட்டேன். "நல்லா இருக்குது சார்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பி வரும் பஸ் மாதனூரைத் தாண்டியது. ஸ்டெல்லா சொன்னார்:

"சாம்பிள் ரூம்ல என்னையும் கேப்பாங்க, ஷூ எப்டி இருக்குதுன்னு. நல்லா இருக்குது சார்னுதான் சொல்வேன். குதிகால்ல ரத்தம் வர்றப்பவும் அதான் சொன்னேன். எங்க மாஸ்டர் அதுக்கப்புறம் என்னைக் கேக்கறதையே வுட்டுட்டாரு. நடக்க வுட்டு, காலையே பாத்துனு இருப்பாரு. நீங்க அவுங்கள நடக்க வுடுங்க சார்."

எனக்குக் கோபம்தான் வந்தது. போன் எடுக்கச் சேர்த்த ஆள் எனக்குப் புரோகிராம் சொல்லித் தருகிறாரா என்று. ஆனால் அரையாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஸ்டெல்லா ஆம்பூரில் கமலா என்பவர் வீட்டுக்கு என்னை இழுத்துப் போனார். கமலா ஷூவின் மேல்பாகம் தைப்பவர், மகள் சுதா எட்டாம் வகுப்பு. போனை அவர் கையில் கொடுத்து, "பொண்ணு மார்க்க பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்துவிட்டார். கமலாவின் கட்டைவிரல் பட்டன் மேல் தயங்கியது. "அது இல்லம்மா, கீழ இருக்கிறது" என்றேன். ஸ்டெல்லா முறைத்தார். ஒரு நிமிடம் பொறுத்தேன். "இல்ல இல்ல, பச்சை பட்டன்" என்றேன். ஸ்டெல்லா எழுந்து என்னை வெளியே கூட்டிப்போய், முனையிலிருந்த பெட்டிக்கடையில் ஒரு கமர்கட் மிட்டாய் வாங்கி என் கையில் வைத்தார்.

"வாய்ல போட்டுக்குங்க. இது கரையுற வரைக்கும் பேசக் கூடாது. கடிச்சா செல்லாது."

முப்பத்தைந்து வயது, கம்பெனி முதலாளி, கன்னம் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது நிமிடம் கடித்துவிட்டேன். ஆனாலும் அந்த மூன்று நிமிடத்தில், ஆறு மாதத்தில் பார்க்காததைப் பார்த்தேன். கமலா என் குட்டிப் படங்கள் ஒன்றையும் தொடவில்லை. கொஞ்ச நேரம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தாடி சுதா, நீயே பாத்து சொல்லு" என்று மகளிடம் நீட்டிவிட்டார். சுதாவின் விரல்கள் படபடவென்று ஓடின.

"பகல்ல போன் யார்கிட்ட இருக்கும்?" என்று ஸ்டெல்லா கேட்டார்.

"வூட்லதான். கம்பெனி உள்ள போன் எடுத்துனு போகக் கூடாதே" என்றார் கமலா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாணவி பள்ளிக்கு வராத நாளில் காலை பத்தரை மணிக்கு அம்மாவின் போனுக்குச் செய்தி போகும். அவை திறக்கப்பட்டனவா என்று என் கம்ப்யூட்டர் காட்டும். சுதாவின் வீட்டில் எல்லாச் செய்திகளும் தவறாமல் திறக்கப்பட்டிருந்தன. "ஆம்பூர் அம்மாக்கள் எவ்வளவு பொறுப்பு பாருங்கள்" என்று நான் தலைமையாசிரியையிடம் பெருமையடித்ததே அந்த வீட்டை வைத்துத்தான். நீ இன்று பள்ளிக்கு வரவில்லை என்று நான் ஒழுங்காகத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது, வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த சுதாவுக்கே!

சுதாவின் முகம் வெளுத்துவிட்டது. கமலா காபி போட உள்ளே போனதும் ஸ்டெல்லா அவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நான் சொல்ல மாட்டேன். இன்னும் கொஞ்ச நாள்ல இந்த மெசேஜ் வேற எடத்துக்குப் போவும். அதுக்குள்ள நீயே அம்மாகிட்ட சொல்ட்டினா பேஜார் கம்மி." சுதா தலையாட்டினாள். சொன்னாள் என்றும், முதுகில் இரண்டு வாங்கினாள் என்றும் பின்னால் கமலாவே சொன்னார்.

வேறு எந்த இடத்துக்குப் போகும் என்பது அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது. அடுத்த இரண்டு வாரம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று அம்மாக்களின் வீட்டிலும் கம்பெனி வாசலிலும் நின்றோம். நான் தின்ற கமர்கட்டில் ஒரு பல் ஆட்டம் கண்டது. கடைசியில் என் பதினோரு ஐட்டத்தில் எட்டை ஸ்டெல்லா பேனாவால் அடித்தார். அன்று போட்ட சண்டையில் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். பதிவுப் படிவத்தில் செல் நம்பர் கேட்ட இடத்தில் ஸ்டெல்லா ஒரு கேள்வியை எழுதினார்: "பகலில் உங்களுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டுமென்றால் யாரிடம் சொல்ல வேண்டும்?"

பதில்கள் வந்தன. பீடி சுற்றும் நாத்தனார். கம்பெனி வேன் டிரைவர். கமலாவும் இன்னும் நிறையப் பேரும் எழுதியது, கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடை பாயை. மதிய இடைவேளையில் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். நான் கணக்காக பாயின் போனுக்குச் செய்தியைத் திருப்பிவிட்டேன். முதல் நாளே பாய் கடை வாசலில் நின்று, "கமலாம்மா, உங்க பொண்ணு இன்னைக்கு ஸ்கூலுக்கு வரலியாம்" என்று தெருவுக்கே அறிவித்துவிட்டார். சுதாவுக்கு அன்று உண்மையிலேயே காய்ச்சல். கமலா எங்கள் ஆபீசுக்குப் போன் போட்டு என்னைக் காய்ச்சி எடுத்தார். ஸ்டெல்லா ரிசீவரை வாங்கி, முழுதாகக் கேட்டு, "ஆமா, தப்பு எங்களுதுதான்" என்று வைத்தார். மறுநாளிலிருந்து பாய்க்குப் போன செய்தியில் "கமலா, பள்ளிக்குப் போன் செய்யவும்" என்பது மட்டும்தான். பாய் கடையிலேயே ஒரு ரூபாய் காசு போட்டுப் பேசும் போன் இருந்தது.

அரையாண்டுக்கு ஒரு வாரம் முன்பு தலைமையாசிரியை கூப்பிட்டார். ஸ்டெல்லாவையும் கூட்டிக்கொண்டு போனேன். "என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க? மதியம் ஆனா அம்மாங்க வரிசையா போன் பண்றாங்க. என்னைச் சாப்பிட வுட மாட்டேங்கறாங்க" என்றார். திட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். ஸ்டெல்லா என் முழங்கையை இடித்தார். "அடுத்த வருஷமும் இதையே வெச்சுக்கலாம்" என்று தலைமையாசிரியை முடித்தார். எங்கள் கம்பெனி இன்றும் அதே மாடியில் இருக்கிறது.

போன மாதம் ஸ்டெல்லாவை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள். "ஒண்ணும் ஆகாது", "அடுத்த மாசம் நடந்துடுவ" என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் அதே பாட்டைத்தான் கொண்டு போயிருந்தேன். "எப்படி இருக்கீங்க ஸ்டெல்லா, நல்லா ஆகிடும்" என்று ஆரம்பித்தேன்.

"கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே" என்றார். தலையணைக்குப் பக்கத்திலிருந்த பையைக் காட்டினார். அதற்குள் கமர்கட் இருந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் பேசினார். "பயமா இருக்குது குமார். சொல்ல வந்தா யாரும் சொல்ல வுட மாட்டேங்கறாங்க." அப்புறம் சின்னவன் படிப்பு, அற்புதராஜுக்குக் குழம்பு வைக்கத் தெரியாதது, தன் கால் வீங்கி நாற்பது ஆகிவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கண்ணைத் துடைத்தார், நடுவில் சிரிக்கவும் செய்தார். எனக்குச் சொல்ல ஆயிரம் ஆறுதல் இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. பேசி முடித்ததும், "தீர்ந்துச்சா?" என்று கேட்டார். வாயைத் திறந்து காட்டினேன்.

"பரவால்லியே. இன்னைக்குத்தான் கடிக்காம தின்னு இருக்கீங்க" என்றார்.

அவர் பையிலிருந்த மிச்சக் கமர்கட்டை அற்புதராஜ் என்னிடமே கொடுத்துவிட்டார். அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தீர்ந்தால் வாங்கி நிரப்பிவிடுவேன். ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அது கரைகிற நேரத்தை. எதிரே உட்கார்ந்திருப்பவர் யாரானாலும், அவ்வளவு நேரம் அவருடையது.