சாதாவுக்கு வைத்த மஞ்சள்

ஜுவேரியா அக்காவுக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று சொன்னால் அது தவறு. அவர்கள் உடுத்தியிருக்கும் துணியைத்தான் பிடிக்காது. ஆனால் கோபாலபுரத்திலிருந்து தி. நகர் போகும் வழியில் துணி உடுத்தாமல் யாரும் எதிரே வருவதில்லை என்பதால் இரண்டும் ஒன்றுதான். சிக்னலில் ஆட்டோ நிற்கும்போது பக்கத்து ஸ்கூட்டியில் ஜிகினா சுடிதார் தெரிந்தால், "சாக்லேட் பேப்பர்" என்பார். பெசன்ட் நகரில் கசங்கிய லினன் சட்டையோடு கடற்கரைக்கு நடக்கிறவர்களைப் பார்த்தால், இஸ்திரிக்காரர் பாவம் என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னையும் மேலிருந்து கீழே பார்த்தார். "இந்த டாப்ஸ் யாரு எடுத்துக் குடுத்தது? அவங்களோட இன்னும் பேசிக்கினுதான் இருக்கியா?"

எடுத்துக் கொடுத்தது என் அம்மா. பேசிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்த டாப்ஸை அதற்குப் பிறகு நான் போடவில்லை. ஏன் என்று எனக்கு நானே இன்னும் நேராகப் பதில் சொல்லிக்கொள்ளவில்லை.

அக்காவின் லேபிளுக்குப் பெயர் 'சாதா'. கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவின் கார் ஷெட்டில் நடந்தது. தையல் மெஷின்கள், துணி வெட்டும் மேசை, ஆளுயரக் கண்ணாடி, அவ்வளவுதான். கரை கிடையாது, எம்பிராய்டரி கிடையாது, வேலைப்பாடு எதுவும் கிடையாது. வெட்டு மட்டும் கத்தி மாதிரி நேராக இருக்கும். அவருடைய அப்பா மெஹபூப் அலி தி. நகரில் லேஸும் ஜரிகையும் விற்கிறவர். தன் கடைச் சரக்கில் ஒரு முழம்கூட மகள் துணியில் ஏறாது என்ற வருத்தம் அவருக்கு உண்டு. பெயர்ப்பலகை மாட்டிய அன்று, "சாதான்னு போட்டா, மசாலா எங்கேன்னு கேப்பாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

லேபிளுக்கு யாரும் முதல் போடவில்லை. கோடை முழுக்க மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றுக்கு யூனிஃபார்ம் தைப்பார்கள். அந்த நீலக் கட்டம் போட்ட துணியை அக்கா தொடும்போதே முகம் கோணும். ஆனாலும் அதில் வருவதை எடுத்துத்தான் வருஷத்துக்கு ஒரு கலெக்‌ஷன் செய்தார்.

என் வேலை, ஒவ்வொரு உடைக்கும் இன்ஸ்டாகிராமில் இரண்டு வரி எழுதுவது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், ஆங்கில இலக்கியம். முதல் முறை ஒரு குர்தாவுக்கு மழை, மண் என்றெல்லாம் எழுதிக் காட்டினேன். அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தார். என்ன துணி, எப்படித் துவைக்க வேண்டும் என்பதற்கு மேல் எழுதக்கூடாது என்றார். 'கைத்தறிப் பருத்தி. தனியே துவைக்கவும்.' இதற்கா மூன்று வருஷம் படித்தேன் என்று எனக்குத் தோன்றாத நாளில்லை.

இந்த வருஷக் கலெக்‌ஷன் முழுக்க கோரா. வெளுக்காத, சாயம் ஏறாத துணி. அது விற்காவிட்டால் அடுத்தது கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். மெஹபூப் அலி இன்னொரு பள்ளியைப் பேசி வைத்திருந்தார். வருஷம் முழுவதும் வேலை, ஷெட் நிறைய யூனிஃபார்ம். அக்கா அப்பாவிடம் ஒரே ஒரு வாய்தா கேட்டார். பெசன்ட் நகரில் துணிக்கடை வைத்திருக்கும் ஷீலா வந்து பார்க்கட்டும். எடுத்துக்கொண்டால் பள்ளி வேண்டாம். எடுக்காவிட்டால் சாதா பலகையைத் தானே கழற்றிவிடுவதாகச் சொன்னார்.

ஷீலா வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது, உடைகள் எல்லாம் இஸ்திரி போட்டுக் கம்பியில் தொங்கின. கீழே இசக்கியம்மாள் ஒரு கிண்ணத்தோடு நின்றார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எங்களிடம் பட்டன் கட்டுவதும் இஸ்திரியும் அவர் வேலை. கிண்ணத்தில் குழைத்த மஞ்சள். கடைசி குர்தாவின் முன்பக்க ஓரத்தில் விரலை அழுத்திக்கொண்டிருந்தார். மற்ற எல்லாவற்றிலும் ஏற்கெனவே பொட்டுப் பொட்டாக மஞ்சள் இருந்தது.

எங்கள் வீட்டிலும் புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் யாரும் உடுத்தமாட்டோம். அதனால் எனக்கு அவர் செய்தது புரிந்தது. புரிந்ததால் பயமும் வந்தது. அதற்குள் அக்கா பின்னால் வந்து நின்றுவிட்டார்.

"இன்னா இது?"

"மஞ்ச வைக்காத கோராவப் பொணத்துக்குல்லா போடுவாக, மேடம். வரிசையாத் தொங்குறதப் பாத்ததும் எனக்கு நெஞ்சு திக்குன்னுச்சு. நல்ல நாளும் அதுவுமா" என்றார் இசக்கியம்மாள்.

"எங்க வீட்லயும் பொணத்துக்குச் சுத்துற கஃபன் வெள்ளைதான், இசக்கிம்மா. அதுக்கு யாராவது பட்டன் வெச்சுப் பாத்திருக்கீங்களா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. ஒரு குர்தாவை உருவி என்னிடம் கொடுத்து, கறையைப் போக்கச் சொன்னார். நான் குழாயடிக்கு ஓடிப்போய் சோப்பைப் போட்டேன். மஞ்சள், வெற்றிலை துப்பினது போலச் சிவந்தது. பயந்து அலசினேன். மறுபடி மஞ்சளாகி, உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது. வாசலில் கார் வந்து நின்றது.

ஷீலா கம்பி நெடுக நடந்தார். தையலைத் திருப்பிப் பார்த்தார், நல்ல கட்டிங் என்றார், ரொம்பச் சுத்தம் என்றார். பாராட்டு இப்படிச் சின்னச் சின்னதாக வந்தால் முடிவு பெரிதாக இல்லை என்று எனக்கே விளங்கியது. தன் கடைக்கு வருகிறவர்கள் துணியை வாங்குவதில்லை, அதற்குப் பின்னால் இருப்பதை வாங்குகிறார்கள் என்று விளக்கினார். இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"சுவரு" என்றார் அக்கா.

ஷீலா சிரித்துக்கொண்டே கடைசியாக ஒரு குர்தாவின் ஓரத்தைக் கையில் எடுத்தார். அப்படியே நின்றுவிட்டார். பக்கத்துக் குர்தாவைப் பார்த்தார். அதற்கும் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தார். இது என்ன, ஏதாவது காப்பு மாதிரியா, சடங்கா என்று என்னிடம்தான் கேட்டார். பட்டம் வாங்கிய முகம் எப்படியோ தெரிந்துவிடுகிறது போல. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். இசக்கியம்மாள் கேட்காமல் வைத்த மஞ்சள் என்றும், மாடியில் வெயிலில் போட்டால் போய்விடும் என்றும் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"போகவே கூடாது! சாயத்துல வைங்க. நிரந்தரமா இருக்கணும். இந்தம்மா போட்டோ டேக்ல வரணும். மொத்தக் கலெக்‌ஷனும் நான் எடுத்துக்கறேன்" என்றார் ஷீலா.

எல்லோரும் இசக்கியம்மாளைப் பார்த்தோம். அவர் தன் நைட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "போட்டோவா? இதோட எடுத்துராதீக. ஒரு நிமிசம், சீலை மாத்திட்டு வந்துருதேன்."

அக்கா யாரையும் பார்க்கவில்லை. மூலையில் அடுக்கியிருந்த நீலக் கட்டத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன பதில் வேண்டியிருந்தது என்று இப்போது யோசிக்கிறேன். முடியாது என்று அவர் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சொன்னால் எனக்கும் வேலை இருக்காது என்பதும் அதே நேரம் மனதில் ஓடியது.

"சரி" என்றார் அக்கா.

அதன் பிறகு நடந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. ரப்பர் வைத்த பென்சிலின் பின்பக்கத்தைச் சாயத்தில் தோய்த்து, அக்காவே பொட்டு வைத்தார். எல்லாம் ஒரே அளவில் வந்தன. போட்டோ பார்த்த ஷீலா போன் செய்து, இப்படி இருந்தால் மெஷின் என்று நினைப்பார்கள், கொஞ்சம் கோணலாக இருக்கட்டும் என்றார். வாழ்நாளில் ஒரு கோடு கோணலாக வெட்டாத மனுஷி, கழிவுத் துணியில் கோணலாகப் பொட்டு வைத்துப் பழகினார்.

உடையில் தொங்கவிடும் டேகுக்கு நான் எழுதினேன். தென்கோடிக் கிராமம், தாய்மார்கள், தலைமுறை தலைமுறையாக வரும் காப்பு. மளமளவென்று வந்தது. மூன்று வருஷப் படிப்பு அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. அக்கா அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நல்லாப் பொய் எழுதுற. எந்தக் காலேஜ்?"

அவருக்குத் தெரியும். இருந்தாலும் கல்லூரியின் பெயரைச் சொன்னேன்.

பெசன்ட் நகர்க் கடையில் முதல் நாள் நல்ல கூட்டம். இசக்கியம்மாள் தன் படம் இருந்த டேகுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஒரு பிடி கேட்டு வாங்கிக்கொண்டார். மெஹபூப் அலி ஒரு குர்தாவின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"மசாலா வந்துடுச்சு" என்றார்.

அக்கா உடுத்தியிருந்தது நான் சோப்புப் போட்டுக் கெடுத்த குர்தா. இடுப்புக்குக் கீழே கறை அகலமாகத் தெரிந்தது. லினன் சேலை கட்டிய ஒரு பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரேக்கில் இது மட்டும் ஏன் இல்லை, இதுதான் எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கிறது என்றாள்.

"விக்கிறதுக்கு இல்ல" என்றார் அக்கா.

அந்தப் பெண் விளக்கம் வேண்டி என் பக்கம் திரும்பினாள். என்னிடம் ஒரு வாக்கியம் தயாராகத்தான் இருந்தது, அழகான வாக்கியம். அக்கா என்னை மேலிருந்து கீழே பார்த்தார், முதல் நாள் பார்த்தது போலவே.

"கறைதாங்க" என்றேன்.