பெயர் சொல்லாத சாட்சி

போன வாரம் ஒரு கூட்டத்தில் எனக்குக் கைதட்டல் கிடைத்தது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பட்டுத் தொழிலை விசாரிக்கச் சென்னையிலிருந்து ஒரு கமிட்டி நம் காஞ்சிபுரத்துக்கு வந்தது. நான் ரிட்டயரான காமர்ஸ் வாத்தியார் அல்லவா? தறி வீடுகளில் உண்மை நிலவரத்தை விசாரித்துச் சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

ஒரு நெசவாளி மனம் திறந்து பேசினார். முதலாளி கொடுக்கும் சரிகையில் கலப்படம்; சேலை கறுத்தால் பழி நெய்தவர் தலையில்.

"என் பேரு மட்டும் வெளிய வராம பாத்துக்கோங்க வாத்தியாரே. முதலாளிக்குத் தெரிஞ்சுதுன்னா அடுத்த சேலைக்குப் பாவு நூல் தரமாட்டாரு. அப்புறம் தறியில துணி காயப் போட வேண்டியதுதான்."

"என்னை நம்புப்பா" என்றேன்.

கூட்டத்தில் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் கமிட்டித் தலைவரான துரை கேட்டார் — "இப்படி ஓர் ஆள் இருப்பதற்கு என்ன ஆதாரம்?"

ஆராய்ச்சி என்றால் ஆதாரம் வேண்டாமா? அந்த நெசவாளியின் தறியில் இருந்த சேலையின் கரையை அப்படியே வருணித்தேன் — உருவம், நிறம், எல்லாம். துரை தலையாட்டினார். சபை கைதட்டியது. முன் வரிசையில் இருந்த முதலாளிகளும்தான்!

அந்தக் கரை ஊரில் ஒரே தறியில்தான் ஓடுகிறது. இந்த ஊரில் பிறந்த எனக்கா அது தெரியாது?

நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்து முதலாளியிடம் கொடுக்கப் போன நெசவாளி வெறுங்கையோடு திரும்பினார். பாவு இல்லை.

ஓடிப் போய்ப் பார்த்தேன். அவர் முகம் கொடுக்கவில்லை. அவர் மனைவிதான் பேசினார். "வாங்க வாத்தியாரே! பேரே சொல்லலையாமே நீங்க? வீட்டு அட்ரசையே இல்ல சொல்லிட்டு வந்துகிறீங்க!"

விவரம் சொல்லாவிட்டால் கமிட்டி நம்பாது. சொன்னால் ஆள் அகப்பட்டுக்கொள்வார். என்ன செய்வது? நான் படித்த படிப்பில் இதற்கு விடை இல்லை. ஆனால் அந்த நிமிஷம் இதையெல்லாம் நான் யோசிக்கவே இல்லை. துரை என்னை நம்ப வேண்டும்... அவ்வளவுதான் யோசித்தேன்.

முதலாளியிடமே போனேன். "தப்பு என்னுதுங்க. அவருக்குப் பாவு குடுத்துடுங்க."

அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சிரித்தார். "எவருக்கு வாத்தியாரே? நீங்கதான் பேரே சொல்லலையே! இப்போ சொல்லுங்க... நாளைக்கே அனுப்பறேன்."

சொன்னால், அவர் சந்தேகத்துக்கு நானே முத்திரை குத்தியதாகிவிடும்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு வீடு திரும்பினேன் — அந்த நெசவாளியின் தறி சும்மா கிடக்கிறது.