ஹெட் கிளார்க்கின் ஐரோப்பாக்கள்

“கார் டிரைவர் அன்று வழி தவறவில்லை.” நான் டைப் அடித்த அந்த முதல் தாளின் முதல் வரி இதுதான். எழுதியவர் எங்கள் அலுவலக ஹெட் கிளார்க். ஆஸ்திரிய நாட்டு இளவரசரும் மனைவியும் சரயேவோ நகரில் காரில் போகிறார்கள். நிஜத்தில் அந்த டிரைவர் ஒரு மூலையில் தவறாகத் திரும்பி, பின்னால் எடுக்க வண்டியை நிறுத்திய இடத்தில் துப்பாக்கியோடு ஒருவன் நின்றிருந்தான். இரண்டு குண்டுகள், அதிலிருந்து முதல் உலகப் போர். ஹெட் கிளார்க்கின் தாளில் டிரைவர் நேரே போய்விடுகிறார். இளவரசர் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊர் திரும்புகிறார். போர் மூளவில்லை. ஜெர்மனி தோற்கவில்லை, அதனால் அவமானப்படவுமில்லை; பின்னாளில் அங்கே அந்தச் சர்வாதிகாரியின் கூச்சலைக் கேட்க ஆளில்லை.

அப்போது எனக்கு இருபது வயது இருக்கும். நீலகிரி மலையில், வெலிங்டனில் ராணுவத்தைச் சேர்ந்த ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். போரில் இறந்த சிப்பாயின் மகள் என்பதால் கிடைத்த வேலை. அரவேணுவிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, குளிரில் விரைத்த விரல்களை டீ டம்ளரில் சுடவைத்துக்கொண்டுதான் மிஷினைத் தொடுவேன். ஹெட் கிளார்க் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். குன்னூரில் குடியிருந்தார், தனி ஆள். போரின்போது இத்தாலியில் பட்டாளத்துக் கிளார்க்காக இருந்தவர் என்று மட்டும் தெரியும். யாரிடமும் அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் மத்தியான இடைவேளையில், பழைய சுற்றறிக்கை ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் இங்கிலீஷில் எழுதிய ஒரு தாளை என் மேஜையில் வைத்தார். “அம்மணி, நேரமிருந்தா இதை அடிச்சுக் குடு. அவசரமில்லை” என்றார். நான் வாங்கிக்கொண்டேன். பிறகு மாதம் ஒன்று என்று வந்துகொண்டே இருந்தது.

எனக்கு அவை பிடித்திருந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்துச் சரித்திரம் நடந்ததை மட்டுமே சொன்னது; இவர் நடக்காததை, நடந்ததைப் போலவே நிதானமாக எழுதினார். ஒரு தாளில், ஜெர்மன் படை ரைன் நதிப் பிரதேசத்துக்குள் நுழைந்த அன்றே பிரெஞ்சுப் படை எதிர்த்து வருகிறது. எதிர்ப்பு வந்தால் திரும்பிவிடு என்ற உத்தரவோடு வந்த ஜெர்மானியர்கள் திரும்பிவிடுகிறார்கள். சர்வாதிகாரியை அவருடைய தளபதிகளே இறக்கிவிடுகிறார்கள். இன்னொன்றில், செக் நாட்டை விட்டுக்கொடுக்க மற்ற நாடுகள் சம்மதிக்கவில்லை. ஒவ்வொன்றும் நம்பும்படி இருந்தது. ஆனால் ஒவ்வொன்றின் கடைசிப் பத்தியும் விசித்திரமாக இருந்தது. அதில் ஐரோப்பா இருக்காது. திருப்பூரில் ஒரு லாரி டிரைவர் பஞ்சு மூட்டை ஏற்றிக்கொண்டிருப்பார். அவர் பட்டாளத்தில் சேரவில்லை. நீலகிரி மலையைப் பார்த்ததே இல்லை. சரயேவோ தாளில் அவருக்கு அவிநாசியில் பெண் எடுக்கிறார்கள். ரைன் தாளில் அவருக்கு இரண்டு மகன்கள். ஐந்தாவதோ ஆறாவதோ தாளில் ஒரு வரி வந்தது: வண்டியைக் கிளப்பும் இரும்புக் கம்பி எகிறி அடித்ததில் அவருடைய இடது சுண்டுவிரல் நுனி போய்விட்டது.

டைப் அடித்துக்கொண்டிருந்த என் கை நின்றது.

எங்கள் வீட்டில் என் அப்பாவின் படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. சீருடையில், நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி. இடது சுண்டுவிரல் குட்டையாக இருக்கும். அப்பா திருப்பூரில் லாரி ஓட்டியவர். போர் வந்ததால் பட்டாளத்தில் சேர்ந்தார். சேர்ந்ததால் வெலிங்டனில் சில மாதம் இருந்தார். இருந்ததால் அரவேணுவில் என் அம்மாவைப் பார்த்துக் கட்டிக்கொண்டார். அம்மா வயிற்றில் நான் இருக்கும்போது கப்பலேறினார். நான் பிறந்த செய்தி கடிதத்தில் போய்ச் சேர்ந்தது. என்னைப் பார்க்காமலே இத்தாலியில் ஓர் ஆற்றங்கரையில் இறந்துபோனார்.

தாளை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போனேன். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சன்னலுக்கு வெளியே மூடுபனி. எதிர்க் கட்டடம்கூடத் தெரியவில்லை.

“சார், இந்த டிரைவர் யாருங்க?”

அவர் பேனாவை மூடி வைத்தார். “தெரிஞ்சுதானே கேக்கற அம்மணி?”

“உங்களுக்கு எங்கப்பாவைத் தெரியுமுங்களா?”

“பட்டாளத்துல ஒரே கம்பெனி. ஒண்ணரை வருசம் ஒரே கூடாரம்.”

“அப்ப இந்த மூணு வருசமா ஏனுங்க சொல்லலை?”

“வாயில வரலை. அதான் எழுதிக் குடுத்தேன்.”

நான் தாளைக் காட்டினேன். “இதுல எங்கப்பா உசுரோட இருக்காரு. ஆனா இதுல எதுலயுமே நான் இல்லீங்களே சார்?”

“இல்லை” என்றார் அவர். “போரே வரலைன்னா உங்கப்பன் மலையேறியிருக்க மாட்டான். அதனாலதான் ஒண்ணொண்ணா எழுதிப் பாத்து, உதவாதுன்னு தள்ளி வெக்கிறேன்.”

அன்று பஸ்ஸில் திரும்பும்போது வந்த உணர்வு இன்றும் சில பனி நாட்களில் வருகிறது. எத்தனையோ ஐரோப்பாக்களில் அந்தச் சாலை அப்படியே இருக்கிறது, தேயிலை அப்படியே ஈரமாக இருக்கிறது, பஸ்ஸில் என் இடம் மட்டும் காலி. அம்மா வேறு யாருக்கோ வாழ்க்கைப்பட்டு வேறு ஒரு பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். நான் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அம்மாவின் கையை ஒருமுறை பிடித்துப் பார்த்தேன். “என்ன புள்ள, கை இப்பிடிச் சில்லுனு இருக்குது?” என்றாள்.

அவர் தேடியது என்ன என்று பிறகு புரிந்தது. போர் வர வேண்டும். அப்பா மலைக்கு வர வேண்டும், அம்மாவைக் கட்ட வேண்டும், நான் உண்டாக வேண்டும். அதற்குப் பிறகு, அந்த ஆற்றங்கரைக்கு முன்பாக, ஐரோப்பா திரும்ப வேண்டும். சரித்திரத்தில் அவருக்குக் கிடைத்த இடைவெளி ஒன்றே முக்கால் வருடம். அதற்குள் ஒரு திருப்பத்தை அவர் இருபது வருடமாகத் தேடியிருந்தார். கடைசியில் ஒன்று கிடைத்திருந்தது. இத்தாலி சரணடைந்த பிறகு ஜெர்மன் தளபதிகள் இருவர் வாதாடினார்கள். தெற்கை விட்டு வடக்கு மலைகளுக்குப் பின்வாங்கலாம் என்றார் ஒருவர். ஒவ்வோர் ஆற்றிலும் நின்று தடுக்க வேண்டும் என்றார் மற்றவர். சர்வாதிகாரி சில வாரம் தயங்கிவிட்டு இரண்டாமவர் பக்கம் சாய்ந்தார். முதலாமவர் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த ஆற்றில் சண்டையே இல்லை. அந்தத் தாளை நான் அடித்து முடித்தபோது கடைசிப் பத்தியில் அப்பா ஊர் திரும்பியிருந்தார், நானும் இருந்தேன்.

தாளை அவரிடம் கொடுத்துவிட்டுக் கேட்டேன். “எங்கப்பா ஒருத்தருக்காக எதுக்குங்க சார் இத்தனை ராஜ்யம், இத்தனை ஜெனரல்?”

அவர் தாளை மடித்து மேஜை டிராயரில் வைத்தார். பிறகு சொன்னார். மழையில் ஆறு பெருகி, போட்ட பாலங்கள் அடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. மறுநாள் காலை பாலப் பலகைகளோடு ஒரு லாரி கரைக்குப் போக வேண்டும். இருந்த டிரைவர்கள் இரண்டு பேர். பட்டியல் எழுதுவது இவர் வேலை. முதலில் மற்றவன் பெயரைத்தான் எழுதினார். அவன் இரண்டு நாளாகத் தூங்காமல் ஓட்டி அப்போதுதான் வந்து சாய்ந்திருந்தான். பாவம் என்று அவன் பெயரை அழித்துவிட்டு என் அப்பாவின் பெயரை எழுதினார். கரையில் அந்த லாரியின் மேல் குண்டு விழுந்தது.

“அப்ப அந்தப் பேரை அழிக்காம விட்டிருந்தா போதுமே! அதை ஏன் எழுதலை?” நான் கத்தினேன் என்று நினைக்கிறேன்.

“பேரை மாத்தினா இன்னொரு பேரை எழுதணும் அம்மணி. அவனும் ஊர் வந்து சேந்தான், கல்யாணம் பண்ணான், நாலு புள்ளைங்க. நான் போய்ப் பாத்திருக்கேன். மேல இருக்கறவன் மனசு மாறினாத்தான் யார் பேரையும் எழுத வேண்டாம்.”

பதினைந்து நாள் அவர் பக்கம் திரும்பவில்லை. அவர் கொடுக்கும் அலுவலகத் தாள்களை மட்டும் அடித்து, பியூனிடம் கொடுத்தனுப்பினேன். கடைசியில் தாங்கமுடியாமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கும் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். முந்தானையெல்லாம் தேயிலை வாசம். அழுவாள், அவரைச் சபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். “ஞாயித்துக்கிழமை அவரைச் சோத்துக்கு வரச்சொல்லு” என்றாள்.

வந்தார். கோட்டும் கம்பளி மப்ளருமாக வாசலில் நின்றார்.

“உள்ள வாங்க. ஏனுங்க அங்கியே நின்னுட்டீங்க?” என்றாள் அம்மா. சாப்பிட வைத்தாள். அவர் இரண்டு வாய்க்கு மேல் உண்ணவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, “எல்லாம் அம்மணி சொல்லியிருக்குங்களா?” என்றார்.

“சொல்லுச்சுங்க. அப்பிடி ஆயிருந்தா, இப்பிடி ஆயிருந்தான்னு நீங்க எழுதறதையும் சொல்லுச்சு. நான் ஒரு நாளும் அப்பிடி நெனச்சுப் பாத்ததில்லீங்க. நெனைக்க ஆரம்பிச்சிருந்தா இந்தப் புள்ளைய வளத்திருக்க முடியாது.” கை துடைக்க அவரிடம் துண்டை நீட்டினாள். “எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியோணும். அன்னைக்குக் காத்தால அவரு ஏதாச்சும் சாப்பிட்டாரா?”

ஹெட் கிளார்க் அவளைப் பார்த்தார். இத்தனை ஐரோப்பாக்களை எழுதியவரிடம், நடந்த அந்த ஒரு காலையைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை.

“டீ குடிச்சாருங்க. நாந்தான் கொண்டு போய்க் குடுத்தேன். ரெண்டு ரொட்டி. மழை. டயருக்குப் பக்கத்துல குந்தி, ஒரு மொடக்குக் குடிச்சுட்டு மூஞ்சியச் சுளிச்சாரு. ‘எங்க மாமனாரு ஊர்ல கூட்டித் தள்ளற தூசி இதைவிட நல்லா இருக்கும்’னு சொன்னாரு. நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சுட்டுத்தான் வண்டி எடுத்தாரு.”

அம்மாவும் சிரித்துவிட்டாள். இருபது வருடத்தில் அப்பாவைப் பற்றி அவளுக்கு வந்த முதல் புதிய செய்தி அது. சிரிப்பு பாதியிலேயே உடைந்து, சுவரோரம் சரிந்து உட்கார்ந்து அழுதாள். அவரும் அழுதார். நான் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் எழுதியதாகத் தெரியவில்லை. என் மேஜைக்கு எந்தத் தாளும் வரவில்லை. ஓய்வு பெற்று, குன்னூரிலேயே சில ஆண்டுகள் இருந்து இறந்தார். அம்மா அவரை மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை. நான் மன்னித்தேனா என்பதும் எனக்குத் தெளிவில்லை. சாவுக்குப் போனேன்.

அங்கே அறுபதை நெருங்கும் ஒருவர், தோளில் பேத்தியோடு, தலைமாட்டில் நின்று விடாமல் அழுதுகொண்டிருந்தார். எடுத்துப்போன பிறகு வாசலில் என் பக்கத்தில் வந்து நின்றார். குந்தாவில் மின்சாரத் திட்டத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவராம்.

“பட்டாளத்துல எங்க கிளார்க்குங்க. எம்மேல அப்பிடி ஒரு பிரியம். வருசம் தவறாம எங்க ஊட்டுக்கு வருவாரு. எம்புள்ளைங்க நாலு பேரையும் பேரு சொல்லிக் கூப்பிட்டு, தலையத் தொட்டுப் பாத்துட்டுப் போயிருவாரு. ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டாரு.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “எதுக்கு வந்தாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலீங்க. நீங்க?”

“அவர் ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா இருந்தேனுங்க.”

“கூடவே இருந்திருக்கீங்க. உங்களுக்காச்சும் தெரியுங்களா?”

இப்போது எனக்கு அன்றைய ஹெட் கிளார்க்கைவிட வயதாகிவிட்டது. தொலைக்காட்சியில் எந்த நாட்டுப் போரைக் காட்டினாலும், அங்கே ஒரு கூடாரத்தில் யாரோ பென்சிலோடு உட்கார்ந்திருப்பது தெரிகிறது, அணைத்துவிடுகிறேன். அந்த வாசலில் நின்ற நொடியும் அடிக்கடி வருகிறது. சொல் நாக்கின் நுனி வரை வந்திருந்தது. அவர் தோளில் இருந்த குழந்தை என் வளையலை எட்டிப் பிடித்து, ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை வெதுவெதுப்பாக இருந்தது.

“தெரியலீங்க” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, பேத்தியின் விரல்களை என் வளையலிலிருந்து மெதுவாகப் பிரித்தெடுத்தார். பனி இறங்குவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, மஞ்சூர் பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போனார்.